புள்ளிக் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கூடைப்பந்தில் பந்தை முன்னெடுத்து ஆட்டத்தை நடத்தும் ‘கார்ட்’ (guard) வீரரை, அவர் எடுத்த புள்ளியை வைத்தே அளக்கிறோம். 2016 அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டத்தில் நார்த் கரோலினாவின் கார்ட் மார்கஸ் பெய்ஜ் 21 புள்ளி, வில்லனோவாவின் கார்ட் ரையன் ஆர்ச்சிடியாகோனோ 16. ஆட்டம் 74–74, மிச்சம் 4.7 விநாடி. பந்தோடு பாய்ந்த ஆர்ச்சிடியாகோனோ, எதிரணியினர் தன்மேல் குவிந்ததும் தானே எறியாமல், பின்னால் வந்த சக வீரர் ஜென்கின்ஸிடம் தள்ளிவிட்டார். அவர் எறிந்தது மூன்று புள்ளி; 77–74, வில்லனோவாவுக்கு வெற்றி! அட்டவணையில் ஆர்ச்சிடியாகோனோ தள்ளிய அந்தப் பந்து வெறும் ஓர் அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்).

கடைசி ஐந்து நிமிடத்தைத் தனியே பார்க்க வேண்டும்: ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறிதல்), மிச்ச நேரத்தைக் கணித்து ஆடுவது, முக்கியமாகப் பந்து இழப்பு (எறியாமலே பந்தை எதிரணியிடம் விடுவது). ஒவ்வொரு இழப்பும் ஏறத்தாழ ஒரு புள்ளிக்குச் சமம். பெய்ஜையும் குறைத்துவிடக் கூடாது. 74–74 ஆக்கிய மூன்று புள்ளி, அந்தரத்தில் கையை மடக்கி மறுபடி அவர் எறிந்ததுதான்.

– கூடைப்பந்து வாசகர்