முடிவை வெட்டிய படம்

ஆசிரியருக்கு,

மாயக்கதை நாவல்கள் திரைக்கு வரும்போது ஏற்படும் ஏமாற்றம் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய நாவலை இரண்டரை மணி நேரத்தில் அடைக்க முடியாது, வாசகர்கள்தான் அனுசரித்துப்போக வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். சரி, காட்சிகள் குறைவதை நாங்களும் பொறுத்துக்கொள்வோம். கதை எதை நோக்கி நடந்ததோ அதையே எடுத்துவிடுவதைத்தான் தாங்க முடிவதில்லை. 1995-இல் வெளியான, ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவல் ஒரு சிறுவனின் மரணத்திலும் ஒரு தந்தையின் துரோகத்திலும் போய் முடிகிறது. அதைத் தழுவி 2007-இல் வந்த ‘தி கோல்டன் கம்பஸ்’ படத்திலோ, அந்தக் கடைசிப் பகுதியை அடுத்த பாகத்துக்கென்று ஒதுக்கிவிட்டு, நண்பர்கள் நம்பிக்கையோடு வானில் பறப்பதுடன் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை.

நாவலை அப்போதுதான் படித்து முடித்திருந்த என் மகளோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். அரங்கில் விளக்கு எரிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் படம் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அதே கதை 2019 முதல் 2022 வரை மூன்று சீசன்கள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, முதல் சீசனே அந்த மரணத்தைத் தவிர்க்காமல் காட்டியது. (அதற்குள் மகள் வளர்ந்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.) படமாகத்தான் எடுப்போம் என்றால், நாவலின் எந்த அத்தியாயம் வரை வருகிறது என்பதையாவது தயாரிப்பாளர்கள் விளம்பரத்திலேயே போட்டுவிடலாம்.

— ஒரு வாசகர்