மே மாதத்தில் எங்களுக்கும் அறை கொடுங்கள்

கேளிக்கைப் பூங்காவின் விடுமுறை உறுப்பினர் திட்டத்தை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருவர் எழுதுகிறேன். மே இரண்டாவது வாரத்துக்கு அறை கேட்டு நான் அனுப்பிய விண்ணப்பமும் அதற்கு வந்த பதிலும் உங்கள் கணினியிலேயே இருக்கும். "உங்கள் நிறத்துக்கு மே கிடையாது, ஜூலையில் தாராளமாக இருக்கிறது" என்பதுதான் பதிலின் சாரம். நிறம் என்பது, யார் எந்தப் பருவத்தில் தங்கலாம் என்று உறுப்பினர்களை நீங்கள் பிரித்து வைத்திருக்கும் வகை. இந்தக் கரையில் இருப்பவனுக்கு அந்தப் பதில் எப்படி இருக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விடுங்கள்.

எனக்கு ஒரு விசைப்படகில் பங்கு இருக்கிறது. மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017 முதல் 61 நாளாகிவிட்டது. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலையைச் சரிசெய்வது எல்லாம் அப்போதுதான். குடும்பத்தோடு ஒரு வாரம் எங்கேயாவது போய்வர முடிவதும் அப்போது மட்டும்தான். என் மனைவி பள்ளி ஆசிரியை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் மே மாதம் லீவு. ஆக வருடத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்தாற்போல் சும்மா இருக்கும் மாதம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் நீங்கள் மூடி வைத்திருக்கிறீர்கள்.

ஜூலையில் வரச் சொல்கிறீர்கள். தடை முடிந்த முதல் வாரங்களில்தான் மீனும் இறாலும் நன்றாகப் படும். மராமத்துக்கு வாங்கிய கடனை அப்போது அடைத்தால்தான் உண்டு. அதிலும் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஒரு வாரம் தொழிலை விட்டுவிட்டு உங்கள் பூங்காவுக்கு வந்தால், அறை வாடகையைவிட அதிகம் நான் இங்கே இழந்திருப்பேன். மனைவிக்கு லீவு கிடைக்காது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும். சரி, நான் மட்டும் தனியாக வந்து ராட்டினம் சுற்றிவிட்டுப் போகவா?

இதையெல்லாம் சேரும் முன்பே கேட்டோம். "பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ராமநாதபுரத்தில் ஓர் ஓட்டலுக்கு வரவழைத்தபோது, தடைக்காலத்தில் அறை கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டோம். "அதெல்லாம் பேசிக்கலாம்ணே" என்றார் உங்கள் விற்பனைத் தம்பி. நிறத்தைப் பற்றிய பத்தி, 25 வருட ஒப்பந்தத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனால் பராமரிப்புக் கட்டணம் நிறம் பார்ப்பதில்லை. அது ஜிஎஸ்டியோடு சேர்ந்து ஏப்ரலில் தவறாமல் வருகிறது. அரசின் தடைக்கால நிவாரணம் கைக்கு வரும் முன்பே உங்கள் பில் வந்துவிடுகிறது!

ஆகவே என் கோரிக்கை இது. கடற்கரை மாவட்டங்களில் மீன்பிடித் தொழிலில் இருக்கும் உறுப்பினர்களுக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்களில் சில அறைகளையாவது ஒதுக்குங்கள். இலவசமாகக் கேட்கவில்லை. எங்கள் கணக்கிலுள்ள ஏழு இரவில், கழிக்கும் ஒவ்வோர் இரண்டு இரவுக்கும் மே மாதத்தில் ஒன்றைக் கொடுங்கள். மூன்று இரவு கிடைத்தாலும் போதும்.

உலகத்தில் இல்லாத ஏற்பாடு எதையும் நான் கேட்டுவிடவில்லை. அமெரிக்காவில் டிஸ்னி 1991-இல் தொடங்கிய விடுமுறைக் கிளப்பில் எல்லாம் புள்ளிக் கணக்குதான். கூட்டமான வாரத்துக்குப் புள்ளி அதிகம், காற்றாடும் வாரத்துக்குக் குறைவு. கையில் புள்ளியும் காலியாக அறையும் இருந்தால், உனக்கு இந்த மாதம் கிடையாது என்று யாரும் சொல்வதில்லை. இந்த வருடம் போக முடியாவிட்டால் புள்ளியை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம். போதாவிட்டால் அடுத்த வருடத்துப் புள்ளியை இப்போதே கடனாக எடுக்கலாம். தான் பங்கு வாங்கிய விடுதிக்கு 11 மாதம் முன்பே முன்பதிவு செய்யலாம், மற்ற விடுதிகளுக்கு 7 மாதம். அங்கேயும் வருடக் கட்டணம் ஏறத்தான் செய்கிறது, அது ஒன்றும் தர்ம சத்திரம் இல்லை. ஆனால் வாங்கியவன் தன் வசதிக்கு ஏற்பப் பயன்படுத்த வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் தடைக்காலத் தேதியோ வருடா வருடம் அப்படியே வருவது. 11 மாதம் முன்பே கேள் என்றால் சந்தோஷமாகக் கேட்போம்.

ஐப்பசி, கார்த்திகை பற்றியும் ஒரு வார்த்தை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால், படகைப் பத்திரப்படுத்தாமல் எவனும் ஊரைவிட்டு நகர மாட்டான். கடைசி வாரத்தில் ரத்து செய்தால் இரவுகள் போச்சு என்கிறது உங்கள் விதி. கூண்டு ஏறிய நாட்களுக்காவது அதைத் தளர்த்தலாம். அப்புறம், தங்க வர முடியாதவர்களுக்கு இரவுகளைப் பூங்கா நுழைவுச்சீட்டாக மாற்றிக் கொடுக்கலாம். மதுரையில் படிக்கும் பிள்ளைகளாவது நண்பர்களோடு போய்வருவார்கள்.

பாதிக் கடலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு அலைக்குளத்துக்கு ஏன் ஏங்குகிறீர்கள் என்று உங்கள் உதவி மையத்தில் ஒருவர் சிரித்தார். பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். கடல் எங்களுக்கு வேலை செய்யும் இடம், அங்கே யாரும் சறுக்கி விளையாடுவதில்லை. அதிகாரிகளுக்குத் தண்டனை மாறுதல் என்றால் 'தண்ணியில்லாக் காடு' என்று எங்கள் மாவட்டத்தைக் காட்டுவார்கள். சுற்றுலா என்றால் தனுஷ்கோடியில் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே இல்லை. வருகிறவர்களுக்காக எல்லாவற்றையும் யோசிப்பவர்கள், இங்கிருந்து வெளியே போகிறவனும் ஒருவன் இருக்கிறான் என்று யோசிப்பதில்லை. அதற்காக இங்கே ஒரு பூங்கா கட்டிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாகவே இருக்கட்டும்.

எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். இந்தப் பாலத்துக்கும் மாறுதலுக்கும் நீங்கள் பொறுப்பில்லை. மே மாதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்கு அலைய விருப்பமில்லை. உங்களுக்கும் இருக்காது.

அடுத்த ஆண்டுக்கான முன்பதிவு தொடங்கும் முன், தடைக்காலத்தில் எங்களுக்கு அறை உண்டா இல்லையா என்று எழுத்தில், தமிழில் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்றால் பராமரிப்புக் கட்டணத்தை எந்த நிறத்தில் கட்ட வேண்டும் என்பதையும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் உறுப்பினர்