ஊரணிக்கரை விளக்குக்கு ஒரு மூடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வானத்தை நன்றாகப் பார்க்கத் தொலைநோக்கி பெரிதாக இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதிலுள்ள ஆடியின் (கண்ணாடியின்) விட்டம் இரண்டு மடங்கானால் ஒளி நாலு மடங்கு சேரும், அது சரிதான். ஆனால் இடம்? நம் தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வகத்தில் இருப்பது 2.34 மீட்டர் ஆடி, லடாக்கின் ஹான்லே வானாய்வகத்தில் 2 மீட்டர்தான். இருந்தும் 4,500 மீட்டர் உயரத்தில், ஈரமில்லாத காற்றில், கும்மிருட்டில் நிற்பதால் அகச்சிவப்புக் கதிர்களைப் பார்க்க ஹான்லேதான் தோது.

எங்கள் மொட்டைமாடியில் இருப்பது 6 அங்குலத் தொலைநோக்கி. ஊரணிக்கரையில் உயர்கோபுர மின்விளக்கு வந்த பிறகும் சனியின் வளையம் தெரிகிறது, பளிச்சென்ற கிரகமாயிற்றே. ஆனால் அப்பத்தா ஆசையாகப் பார்த்த ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன் மண்டலம் இப்போது வெறும் பஞ்சுத் துணுக்கு. விளக்கை எடுக்கச் சொல்லவில்லை. வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மேலே ஒரு மூடி போடுங்கள்.

ஒரு வாசகர், பள்ளத்தூர்