கோத்தகிரித் தங்கச்சிக்கு, சுவீடனிலிருந்து

கோதன்பர்க்

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். பனிக்காலம் வந்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுமே, ஒத்தடத்தை விடாதே.

"அங்கே ஆம்பளைகளே பிள்ளை வளர்க்கிறார்களாமே, நிஜமா?" என்று உங்கள் மகளிர் குழுவில் கேட்டதாக எழுதியிருந்தாய். கூட்டத்தில் வாசிக்க வசதியாக விவரமாகவே எழுதுகிறேன்.

நிஜம்தான். அதைக் கொண்டுவந்தது சட்டம். ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் விடுப்பு. அதில் 390 நாளுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கிடைக்கும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. மீதி 90 நாளுக்குச் சிறு தொகை. பணத்தைத் தருவது அரசுக் காப்பீட்டு அலுவலகம். அதனால், பிள்ளை பெறுகிறவளை வேலைக்கு வைத்தால் நஷ்டம் என்று முதலாளி கணக்குப் போட இடம் குறைவு.

1974இல் இந்த விடுப்பு வந்தபோது, நாட்களை இருவரும் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அப்போது மொத்த விடுப்பு நாட்களில் ஆண்கள் எடுத்தது அரை சதவீதம். 1995இல் ஒரு மாதத்தை அப்பாவுக்கென்று ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் அது வீணாகும், மனைவிக்கு மாற்ற முடியாது. அதன் பிறகுதான் நிலைமை மாறியது. 2002இல் அது இரண்டு மாதமாயிற்று, 2016இல் 90 நாளாயிற்று. இப்போது ஆண்கள் எடுப்பது மொத்தத்தில் சுமார் 30 சதவீதம். இன்னும் பாதி ஆகவில்லை, அதுதான் என் வருத்தம். ஒரு வயதிலிருந்து பிள்ளையைப் பாலர் பள்ளியில் விடலாம், கட்டணத்துக்கு வரம்பு உண்டு. அது இல்லாவிட்டால் விடுப்பு முடிந்ததும் தாய்தான் வேலையை விட்டிருப்பாள்.

சம்பள விஷயம் உங்களுக்கு இன்னும் பயன்படும். இங்கே ஒவ்வொரு முதலாளியும் ஆண்டுதோறும் ஆண், பெண் சம்பளத்தை ஒப்பிட்டு ஆராய வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே எழுத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலையையும் நான்கு அளவுகோலில் பார்க்கிறார்கள்: தேவைப்படும் அறிவும் திறமையும், பொறுப்பு, உழைப்பு, வேலைச் சூழல். பிறகு பெண்கள் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும் வேலையை எடுத்து, அதைவிடக் குறைந்த தகுதி கேட்டும் கூடுதல் சம்பளம் தரும் வேலை வேறு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இருந்தால் காரணம் சொல்ல வேண்டும், இல்லையேல் மூன்று ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். எங்கே சறுக்குகிறது என்றால், "கைப்பழக்கம்தானே" என்று பெண்ணின் திறமையை அந்த நான்கில் சேர்க்காமல் விடும்போது. நம் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுப்பது பெண்கள். செடியை வெட்டிவிடும் கவாத்தும் ஃபேக்டரியும் மேஸ்திரி வேலையும் பெரும்பாலும் ஆண்களுக்கு. இரண்டு இலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளிக்கொண்டு, சுமையோடு சரிவில் நாள் முழுக்க நிற்பதை அந்த நான்கிலும் வைத்துப் பாருங்கள்.

இனி நிலம். சொந்தத் தோட்டமுள்ள வீடுகளிலும் கொழுந்து எடுப்பவள் பெண். பட்டாவும் கூட்டுறவு ஃபேக்டரி உறுப்பினர் பெயரும் பல இடங்களில் ஆணுடையது, பணமும் அந்தக் கணக்குக்கே போகிறது. இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில், கல்யாணமாகாத மகளுக்கு, இந்து வாரிசுச் சட்டத்தில் வந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் பங்கு தந்தது. 2005 மத்தியத் திருத்தம் கல்யாணமானவளுக்கும் தந்தது. அந்தத் திருத்தத்துக்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் பங்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை மாற்ற முடியாது. அப்பா தானே வாங்கிய நிலத்தை உயிலில் யாருக்கும் எழுதலாம்.

பெண்கள் பங்கை இழப்பது பெரும்பாலும், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில்தான். "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். பதிவானால் பங்கு போய்விடும். கையெழுத்துப் போடுமுன் வில்லங்கச் சான்று எடுத்து, பத்திரத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடியினருக்கு இந்த வாரிசுச் சட்டம் பொருந்தாது. உங்கள் குழுவில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால் தனியாக விசாரிக்கச் சொல்.

ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். பட்டா நகல், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். மாப்பிள்ளைக்கும் இதை வாசித்துக் காட்டு.

அன்புடன்,
அக்கா