புண்டஸ்லிகாவில் ரசிகர்கள் பெற்ற வெற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் முதன்மைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகாவின் 2023-24 பருவத்தைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பேயர் லெவர்குசன் அணி 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா என 90 புள்ளிகள் குவித்து, ஒரு தோல்விகூட இல்லாமல் தன் முதல் லீக் பட்டத்தை வென்றதையும், அதற்குமுன் தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றிருந்த பேயர்ன் மியூனிக் மூன்றாம் இடத்துக்கு இறங்கியதையும் கட்டுரையாளர் நிறைவாக எழுதியிருக்கிறார். ஆனால், அதே பருவத்தின் நடுவில் முதலீட்டுத் திட்டம் ஒன்றை எதிர்த்து அந்நாட்டு அரங்குகளில் இரண்டு மாதங்களுக்கும் மேலாக நடந்த ரசிகர் போராட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தருகிறது. என்னைக் கேட்டால், பட்டத்துக்கு இணையாக வைத்துப் பேச வேண்டிய செய்தி அது.

2023 டிசம்பர் 11 அன்று, லீக்கின் மேல் இரண்டு பிரிவுகளையும் சேர்ந்த 36 கிளப்புகள் ஒரு திட்டத்தின் மீது வாக்களித்தன. ஒளிபரப்பு உரிமை வருமானத்தில் 8 சதவீதம் வரை இருபது ஆண்டுகளுக்குத் தனியார் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஏறத்தாழ 100 கோடி யூரோ பெற்றுக்கொள்வதே அத்திட்டம். இதே போன்றதொரு யோசனை அந்த ஆண்டு மே மாதம் போதிய ஆதரவின்றித் தோற்றிருந்தது. இம்முறை நிறைவேறத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 வாக்குகள், ஒன்று கூடாமலும் குறையாமலும் கிடைத்தன. ஹானோவர் 96 கிளப்பின் உறுப்பினர் அமைப்பான தாய்ச்சங்கம் எதிர்த்து வாக்களிக்குமாறு தன் பிரதிநிதி மார்ட்டின் கிண்டுக்கு அறிவுறுத்தியிருந்தது. வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது. தாம் எப்படி வாக்களித்தார் என்பதை அவர் வெளியே சொல்லவும் இல்லை. ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தாலும் திட்டம் விழுந்திருக்கும் என்னும்போது, அந்த மௌனம் ரசிகர்களை எவ்வளவு கொதிப்படையச் செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மன் கால்பந்தில் '50+1' என்றொரு விதி உண்டு. கிளப்பில் பணம் போட்டவர் யாராக இருந்தாலும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் சந்தா கட்டும் உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். உறுப்பினர்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றைப் பிரதிநிதி ஒருவர் மூடிய அறைக்குள் நிறைவேற்றிவிடலாம் என்றால் அந்த விதி ஏட்டுச் சுரைக்காய்தான். போராட்டத்தின் வேர் பணத்தைவிட இந்த இடத்தில்தான் ஆழமாக இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் அரங்குகள் மௌனம் காத்தன. ஓயாத பாட்டுக்கும் கொட்டுக்கும் பேர்போன கேலரிகளில், ஆட்டம் தொடங்கிய முதல் 12 நிமிடங்களுக்குக் குரலே எழவில்லை. பிறகு டென்னிஸ் பந்துகள் வந்தன. தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் நாணயங்களும் மழையாகப் பொழிந்தன. இருபுறத்து வீரர்களும் ஊழியர்களும் குனிந்து குனிந்து மஞ்சள் பந்துகளைப் பொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த வீச்சு வந்து விழும். நடுவர் இரு அணிகளையும் ஓய்வறைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். பெர்லினில் நடந்த ஹெர்த்தா - ஹாம்பர்க் இரண்டாம் பிரிவு ஆட்டம் அரை மணி நேரத்துக்கும் மேலாக நின்றுபோனது. காசு கொடுத்து வந்தவர்களின் ஆட்டத்தை இப்படிக் கெடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் வீசியவர்களும் காசு கொடுத்து வந்தவர்களே. திங்கட்கிழமை இரவு ஆட்டங்களை லீக் கைவிட்டதும் இதே போன்ற எதிர்ப்புக்குப் பிறகுதான்.

2024 பிப்ரவரியில், முதலீட்டுப் பேச்சின் இறுதிச் சுற்றில் இருந்த இரு நிறுவனங்களில் பிளாக்ஸ்டோன் முதலில் விலகியது. பிப்ரவரி 21 அன்று லீக் நிர்வாகம் மற்றொன்றான சிவிசி நிறுவனத்துடனான பேச்சையும் நிறுத்தி, திட்டத்தையே கைவிட்டது. கோடிகள் புரளும் விளையாட்டில், கேலரியில் நின்று பார்ப்பவர்கள் ஒரு பெரும் ஒப்பந்தத்தையே தடுத்து நிறுத்தியது எவ்வளவு அரிய நிகழ்வு!

இதனால் லெவர்குசனின் சாதனை குறைந்துவிடாது. ஆக்ஸ்பர்க், லைப்சிக் அணிகளுக்கு எதிராகக் கூடுதல் நிமிடங்களில் கோல் அடித்து வென்றதையும், ஏப்ரல் 14 அன்று வெர்டர் பிரெமனை 5-0 என்று வீழ்த்திப் பட்டத்தை உறுதி செய்த ஆட்டத்தில் விர்ட்ஸ் அடித்த மூன்று கோல்களையும் நானும் மெய்சிலிர்த்துப் பார்த்தவன்தான். 2022 அக்டோபரில் பட்டியலின் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்த அணியைப் பயிற்சியாளர் ஸாபி அலோன்சோ எடுத்து நிறுத்தியது பெரும்பணி. எனினும், மருந்து நிறுவனமான பேயரின் தொழிலாளர்களுக்காக 1904-இல் தொடங்கப்பட்டு இன்றும் அந்நிறுவனத்தின் கையிலேயே இருக்கும் லெவர்குசன், வோக்ஸ்வாகனின் வொல்ஃப்ஸ்பர்க்கைப் போலவே, 50+1 விதியிலிருந்து விலக்குப் பெற்ற கிளப். ரசிகர்கள் அவ்விதிக்காக வென்ற பருவத்தில் அவ்விதிக்கு உட்படாத அணி பட்டம் வென்றதைச் சொல்லாமல் அந்தப் பருவத்தின் கதை முழுமையடையாது.

இந்த விலக்குகள் நியாயமானவைதானா என்பதை ஜெர்மனியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையமும் ஆராய்ந்து வந்திருக்கிறது. ஆகவே, 50+1 விதி எப்படி உருவானது, அது எந்தெந்த இடங்களில் தளர்த்தப்பட்டிருக்கிறது, டிசம்பர் வாக்கெடுப்பு அதை எந்த அளவுக்குச் சோதித்தது என்பவற்றை விரிவாக எடுத்துரைக்கும் கட்டுரை ஒன்றை அதே கட்டுரையாளரைக் கொண்டே எழுதுவித்து வெளியிடுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.