பூதத்தைப் பட்டப்பகலில் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த செலவில் எடுக்கப்படும் பேய், பூதப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பூதத்தைக் கடைசிவரை காட்டாமல் விடுவதே துணிச்சலான விதிமீறல் என்கிறது. குமரி மாவட்டத்தில் கேமராவும் கையுமாக அலையும் இளைஞர்கள் பலர் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஒரு மறுப்பு.

காட்டாமல் விடுவது மீறல் அல்ல. இந்த வகைப் படங்களில் அதுதான் மூத்த விதி. 1942இல் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' படத்தில் சிறுத்தை பெரும்பாலும் நிழலாகவும் உறுமலாகவுமே வரும், பட்ஜெட் அவ்வளவுதான். 1975இல் வந்த 'ஜாஸ்' படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் இறங்கியதும் மக்கர் செய்ததால், மஞ்சள் பீப்பாய்களையும் இசையையும் வைத்து ஒப்பேற்றினார்கள். 1999இல் வந்த 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' சூனியக்காரியைக் காட்டவே இல்லை. இத்தனையும் பார்த்துப் பழகிய ரசிகருக்கு, இலை அசைந்தால் அடுத்து என்ன வரும், என்ன வராது என்பதெல்லாம் மனப்பாடம். அவரை அசைக்க வேண்டுமென்றால் பத்தாவது நிமிடத்திலேயே, உச்சிவெயிலில், தலை முதல் கால்வரை காட்டிவிட வேண்டும்.

ஒரு ரப்பர் தோட்டம். வரிசையாக மரங்கள். அசையாத கேமரா, பின்னணி இசை கிடையாது. பூதம் மரம் மரமாக நின்று, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் வடிந்திருக்கும் ரப்பர் பாலைக் குடித்துக்கொண்டே போகிறது. நாற்பது விநாடிக்கு ஷாட் மாறுவதே இல்லை. எப்போது பாயும் என்று பார்ப்பவர் காத்திருப்பார்; அது பாயாது. அடுத்த காட்சியில், அதிகாலை நாலு மணிக்கு நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர் அதே வரிசைக்குள் நுழைந்தால் போதும், பயத்தைப் பார்ப்பவரே கொண்டுவருவார். (அந்த லைட்டை மங்கலாக வைத்தால் சில எல்.இ.டி.க்கள் படத்தில் பட்டை பட்டையாகத் துடிக்கும். முழு வெளிச்சத்தில் வைத்து, மேலே மெல்லிய துணி கட்டுங்கள்.)

இதற்குப் பூத உடை வெயிலைத் தாங்க வேண்டும். கட்டுரை ஒரே வரியில் தாண்டிய இடம் இது. ஆனால் நம் மாவட்டத்துக்குச் சாதகமே இங்குதான்: முகமூடிக்கான மூலப்பொருள் குலசேகரம் பக்கம் மரத்திலேயே வடிகிறது. அதற்காக வெட்டிய பாலை அப்படியே அச்சில் ஊற்றிவிடக் கூடாது. அதில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். காயும்போது சுருங்கி வெடிக்கும். வெயிலில் பிசுபிசுக்கும், இழுத்தால் திரும்பாது. அறுபது சதவீத ரப்பர் உள்ள, முன்பே வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்து உறுதியாக்கிய) லேடெக்ஸாக, அதாவது பதப்படுத்திய ரப்பர் பாலாக, கேட்டு வாங்க வேண்டும். அமோனியா நெடி அடிக்கும். ஜன்னல் திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள்.

களிமண்ணில் முகம் பிடித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுத்து, அச்சை நன்றாகக் காயவிட வேண்டும். ஈர அச்சு தண்ணீரை உறிஞ்சாது, ரப்பர் தோல் பிடிக்காது. லேடெக்ஸை விளிம்புவரை ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் வரும். மிச்சத்தை வடித்துவிட்டு இரவெல்லாம் காயவைத்து, உள்ளே டால்கம் பவுடர் தூவிய பிறகே உரிக்க வேண்டும். தூவாமல் உரித்தால் தோலோடு தோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது.

உடையைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் தேய்த்த நடிகர் முகமூடி போட்டால் ரப்பர் ஊறி உப்பி, சில நாளில் கையோடு கிழியும். மற்றது செம்புக் கம்பி. விரல்களுக்குள் எலும்பாக அதை வைத்தால் ரப்பர் உள்ளிருந்தே மக்கும். அலுமினியக் கம்பிக்கு அந்தக் குணம் இல்லை. தையலையும் ஜிப்பையும் தென்னந்தும்பால் (தேங்காய் நாரால்) மறைக்கலாம். மினுமினுப்பு தெரிந்தால் செம்மண் பொடியைத் தட்டிவிடுங்கள். தோள்பட்டையில் ஒட்டுப்பாலை, அதாவது வெட்டுத் தடத்திலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ரப்பரை, பிய்த்து இழை இழையாக ஒட்டினால் தோல் உரிந்த சதைபோலவே இருக்கும், நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிவப்புக் கண் வேண்டவே வேண்டாம். இமைக்காத கண்தான் பொம்மையைக் காட்டிக்கொடுக்கும். கண்ணே இல்லாத முகத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

ஆறடி ஆளைப் பன்னிரண்டடியாகக் காட்ட, நொடிக்கு 34 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்ட வேண்டும். உருவம் இரண்டு மடங்கு என்றால் ஃபிரேம் அதன் வர்க்கமூலம், அதாவது 1.4 மடங்கு. 1954இல் 'காட்ஜில்லா'வுக்கு எய்ஜி சுபுராயா செய்ததும் வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டும் இதே வேலைதான். செல்போனில் 34 அமையாவிட்டால் 30 போதும். 60இல் எடுத்தால் பூதம் நிலாவில் நடப்பதுபோல மிதக்கும். மரமும் சிரட்டையும் பாதி அளவில் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பால் வெட்டுக்கு வராத இளமரங்களைத் தேர்ந்து, வெட்டுத் தடத்தைப் பெயின்டால் வரைந்து, சின்னக் கிண்ணத்தை ஒன்றரை அடி உயரத்தில் கட்டினால் கணக்குச் சரியாகும். கிண்ணத்தில் அரிசிக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுங்கள். நிஜ ரப்பர் பால் குடிக்கிற பொருள் அல்ல. தேங்காய்ப் பாலில் இருப்பதும் எண்ணெய்தான். வாயில் வழியும் கோழைக்கு, லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம் மரச்சீனி (மரவள்ளி) மாவு கரைத்துக் காய்ச்சினால் நூல் நூலாக இறங்கும். மறுநாள் புளித்துவிடும், அன்றன்று காய்ச்சுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்து வெயில் தரைவரை இறங்கும். லைட் செலவு மிச்சம். ஆனால் பல தோட்டங்களில் அப்போது பால் வெட்டை நிறுத்திவைப்பார்கள். பால் வெட்டும் காட்சியை அந்தச் சருகின் நடுவே எடுத்தால் திருவட்டாறு தியேட்டரில் சிரிப்பார்கள். ஆடி, ஆவணியில் ரப்பர்க் காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். திடுக்கிட வைப்பதற்கென்று கடையில் விற்கும் எந்த ஒலியும் அதற்கு ஈடாகாது.

இனி முடிவு. பூதத்தைத் தீ வைத்துக் கொல்வது இந்தப் படங்களின் வழக்கம். ரப்பர் உடை தீப்பிடித்தால் கரும்புகை கக்கி உருகிச் சொட்டும், எளிதில் அணையாது. உள்ளே ஆள் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதைவிடப் பெரிய காரணம், கொல்வது நம் ஊர் வழக்கமே அல்ல என்பது. இசக்கியும் சுடலைமாடனும் ஊரை நடுங்கவைத்த கதைகளை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும்: பயமுறுத்தியதற்குப் பீடம் போட்டு, ஆண்டுதோறும் கொடை என்னும் கோயில் விழா கொடுப்பார்கள். இடைவேளைக்குப் பிறகு வரும் ஃபிளாஷ்பேக், கேரளத்திலிருந்து வரும் மந்திரவாதி, கடைசி ஷாட்டில் மண்ணுக்குள்ளிருந்து நீளும் கை ஆகிய மூன்றையும் தூக்கிவிட்டு, ஊர்க்கூட்டம் கூடிப் பூதத்தின் கொடைக்கு வீட்டுக்கு எவ்வளவு வரி பிரிப்பது என்று பேசுவதோடு படத்தை முடிக்கலாம். தோட்டத்து முதலாளி வரி தர மறுக்கட்டும்.

அதற்காக நிஜக் கோயில் பீடத்தில் போய்ப் படம்பிடிக்காதீர்கள்; வீண் வம்பு. செங்கல் அடுக்கி, மண் பூசி, சுண்ணாம்பு அடித்தால் ஒரே நாளில் பீடம் தயார். சுண்ணாம்பு புதுவெள்ளையாகப் பளிச்சிட்டால் கேமராவில் வெளிறித் தெரியும். கடைசிப் பூச்சில் கொஞ்சம் கரித்தூள் கலந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.