தியானம் வேறு, திருயாத்திரை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய தவக்காலம் நெருங்கினால் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகங்களில்) அன்பியம் எனும் அக்கம்பக்கக் குழுக்களும் மரியாயின் சேனை எனும் பக்திக் குழுவும் பேருந்து பிடிப்பது வழக்கம். அறிவிப்பில் ‘இரண்டு நாள் தியானம்’ என்றிருக்கும். நிரலைப் பார்த்தால் முதல் நாள் இடைக்காட்டூர், மறுநாள் ஓரியூர், திரும்பும்போது சருகணி என்று மூன்று ஊர்க் கோயில்கள். இதற்குப் பெயர் திருயாத்திரை. 1693-ல் மறைப்பணியாளர் புனித அருளானந்தர் தலை கொடுத்த ஓரியூருக்குக் கூட்டம் வரத்தான் செய்யும். அங்கே போய் மௌனத்தைத் தேடக் கூடாது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முழுத் தியானம் 30 நாள். அதை இரண்டு நாளாகச் சுருக்கிவிட்டு, அதிலும் பாதியைப் பேருந்துக்குக் கொடுத்தால் என்ன மிஞ்சும்?

ஒரே இடத்தில் தங்குங்கள். வெள்ளி இரவே போய்ச் சேருங்கள். சனி காலை 9 மணிக்குப் போனால் பெட்டி வைத்து, அறை பிரித்து, காப்பி குடித்து முடிப்பதற்குள் மதியமாகிவிடும்.

இப்போது சில குழுக்கள் கிராமத்துச் செட்டிநாட்டு வீடுகளை வாடகைக்கு எடுக்கின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வெயிலிலும் குளிர்ச்சி. சிக்கல், நடுமுற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த வளவில்தான். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவரும் கல்தரையும் இருப்பதால் சத்தம் எதிலும் அடங்காது. மைக் வைத்தால் மறையுரை எதிரொலித்துக் குழம்பும். மைக்கை அணைத்துவிட்டு, ஜமுக்காளம் விரித்து, குருவானவர் வளவின் நீளப் பக்கத்தின் நடுவில் நின்று நிதானமாகப் பேசினாலே எல்லோருக்கும் கேட்கும். இதே காரணத்தால், குருவானவரிடம் பாவங்களைத் தனியே சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை வளவை ஒட்டிய அறையில் வைக்கவே கூடாது. முணுமுணுப்புகூட எதிர்த் தாழ்வாரத்துக்குப் போகும். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குத் தள்ளிப் போங்கள்.

கழிவறை கணக்கை யாரும் போடுவதில்லை. 60 பேர், 3 கழிவறை, ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 100 நிமிடம். 6 மணி செபத்துக்கு 4 மணிக்கே எழுப்ப வேண்டும். அப்புறம் காலை மறையுரையில் கொட்டாவிதான். எனவே 30 பேருக்கு மேல் வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் வைத்தால் 1,500 லிட்டர். மாடித்தொட்டி 1,000 லிட்டர்தான் என்றால் மோட்டாரை இருமுறை ஓட்ட வேண்டும். அந்த நாளில் பராமரிப்பு மின்தடை உண்டா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் இதே கணக்குத்தான். ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 30 பேருக்கு ஒரே குருவானவர் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். இதைத் திருப்பலிக்கு முந்தைய அரை மணிக்குள் திணிப்பதால்தான் அவசரம். இன்னொரு குருவானவரை அழைத்து, சனி மாலை நற்கருணை ஆராதனை நேரத்திலேயே வையுங்கள். காத்திருப்பவர்கள் வரிசையில் நின்று பேசாமல் ஆராதனையில் இருப்பார்கள். அந்த ஊர் எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ, அந்தப் பங்குத்தந்தையிடம் சொல்லாமல் வீட்டில் திருப்பலிக்கு ஏற்பாடு செய்யாதீர்கள்.

சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் நம் ஊரில் கோபம் வரும். ஆனால் வடை பாயசத்தோடு இலை போட்டால் 2 மணி மறையுரைக்குக் குறட்டைதான் பதில். மதியம் சாம்பார், ஒரு பொரியல், மோர். இரவு கஞ்சி, துவையல். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களை உபவாசம் இருக்கச் சொல்லாதீர்கள். மருந்துக்குப் பின் உணவு தாமதித்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். சமையலுக்கு வெளியாட்களையே வையுங்கள். பங்குப் பெண்களிடம் ஒப்படைத்தால் அவர்களுக்கு அடுப்படிதான் தியானம்.

பங்குனியில் பல ஊர்களில் கோயில் திருவிழா. கூம்பு ஒலிபெருக்கி இரவெல்லாம் பாடும். அது அவர்கள் ஊர், அவர்கள் சாமி. நாள் குறிக்குமுன் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நம் வேலை.

கைபேசிகளைப் பெயர் எழுதிய உறையில் வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு ஏற்பாட்டாளர் ஒருவரின் எண்ணை மட்டும் வீட்டாரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், ‘வீட்டில் தேடுவார்களே’ என்று யாரும் உறையைத் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தியான ஏற்பாட்டாளர்கள் சிலர்,
தேவகோட்டை.